தலையைச் சாய்த்தால் காது எட்டும்

எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அதிலும் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி. ஜோசியர் யாராவது எங்கள் பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரெஜிஸ்தரைப் பார்த்தால் தொழிலை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போய்விடுவார். ஒரே நாளில் பிறந்தவர்களில் ஒருவன் போர்வெல் ரிக் வண்டி முதலாளி, ஒருவன் போலீஸ்காரன், இன்னொருவன் அந்தப் போலீஸ்காரன் தேடிக்கொண்டிருக்கும் ஆள். இவர்கள் எல்லோருக்கும் பிறந்த தேதி கொடுத்தவன் நான்தான். பெயர் கந்தப்பன். ஜேடர்பாளையத்துக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவன்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் என் பாட்டையும் கேட்க வேண்டும். ஜூன் மாதம் பிள்ளையை இழுத்துக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். "எப்பப் பொறந்தான்?" என்று கேட்டால், "கம்பு அறுக்கறப்பங்க" என்பாள் ஒருத்தி. "எங்க எருமை கன்னு போட்ட மறு வாரமுங்க" என்பாள் இன்னொருத்தி. எருமையின் கன்றுக்கு யார் தேதி எழுதி வைத்தார்கள்? ஆகவே எல்லா வாத்தியார்களும் செய்ததையே நானும் செய்தேன். பிள்ளை தன் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஐந்து வயது முடிந்தது. ஜூன் ஒன்று என்று போட்டுச் சேர்த்துக்கொள்வேன். எட்டாவிட்டால் அடுத்த வருடம் வரச் சொல்வேன். வேண்டிய பிள்ளையாக இருந்து கை எட்டாமல் போனால் தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்வது வழக்கம். தலையைச் சாய்த்தால் எந்தக் காதும் எட்டும்.

இப்படி நான் தலையைச் சாய்க்கச் சொன்ன பிள்ளைகளில் ஒருத்தி தெய்வநாயகி. மற்ற யாருடைய பிறந்தநாளும் எனக்குத் தெரியாது என்று நான் சத்தியம் செய்யலாம். அவள் விஷயத்தில் மட்டும் செய்ய முடியாது. அவள் பிறந்ததே என் பள்ளிக்கூடத்தில்.

1971 மார்ச், தேர்தல் நாள். எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. கால் சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்ததால் எனக்குத் தேர்தல் வேலை போடவில்லை. பள்ளிச் சாவியையும் மேஜை நாற்காலிகளையும் காத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு வெளியே வந்த சௌந்திரம், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நிறைமாதம். வண்டி கட்டி ஜேடர்பாளையம் கொண்டுபோக நேரமில்லை. மூன்றாம் வகுப்பு அறையில் பள்ளியின் ஒரே பவானி ஜமுக்காளத்தை விரித்துக் கொடுத்தேன். பெண்கள் நாலு பேர் கூடினார்கள். அரை மணி நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் பிள்ளை தங்கள் சின்னத்துக்குத்தான் என்று சண்டை போட்டார்கள்.

பிள்ளை பிழைத்தது, ஜமுக்காளம் பிழைக்கவில்லை. அது சர்க்கார் சொத்து. காணாமல் போனால் நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஸ்டாக் ரெஜிஸ்தரில் கழிவு எழுதினேன்: தேர்தலன்று இன்ன தேதியில் வாக்குச்சாவடியில் பிரசவத்துக்குப் பயன்பட்டுக் கெட்டுப்போனது, தாய் சௌந்திரம், கணவர் பெயர் வெள்ளியங்கிரி, பெண் குழந்தை. தணிக்கைக்கு வந்த டெபுடி இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டுச் சிரிக்காமல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

அதே பிள்ளையை நாலு வருடம் கழித்து, 1975 ஜூனில், சௌந்திரம் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். சேர்க்க வரவில்லை. சத்துணவு எல்லாம் அப்போது ஏது, மதியம் போடும் கோதுமைச் சோற்றுக்காவது நாலு பேரோடு உட்கார்ந்தால் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருந்தாள். எனக்கோ அந்த வருடம் முப்பத்தொன்பது பிள்ளைகள். நாற்பது இருந்தால்தான் இரண்டாவது வாத்தியார் போஸ்ட் நிற்கும். ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாக மேய்ப்பது எப்படி என்று நான் மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வந்து நின்றாள். நாலேகால் வயசு. கை எட்டவில்லை. தலையைச் சாய்க்கச் சொல்லி, நானே பிடித்துச் சாய்த்து, காதைத் தொட வைத்தேன். பிறந்த தேதி 1-6-1970 என்று எழுதினேன். ஜமுக்காளத்தின் ஞாபகம் அப்போது வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது.

தெய்வநாயகி வகுப்பில் மூன்று மாதம் இருந்தாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி, கடைசிக் கம்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதறுவாள். ஒரு நாள் பள்ளியை விட்டு நழுவி ராஜவாய்க்கால் கரையில் போய் நின்றாள். அதோடு சௌந்திரம் அவளை நிறுத்திவிட்டாள். நான் மட்டும் வருடக் கடைசி வரைக்கும் அவளுக்கு ஆஜர் போட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் என்றால் அவளுக்கு அப்படி ஒரு இழுப்பு. கதவைத் திறந்து வைத்தால் கால் வாய்க்காலுக்குத்தான் போகும். வெள்ளியங்கிரி ரிக் வண்டியோடு ஆந்திராவில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். வருடத்தில் இரண்டு முறை வந்தால் அதிகம். காட்டு வேலைக்குப் போகும்போது சௌந்திரம் பிள்ளையின் காலில் மெத்தென்று துணியைச் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போவாள். ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். பேசினவர்களில் ஒருத்தர்கூட, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பேச்சு பிறகு வந்தது, ஆனால் விசித்திரமாக வந்தது. தானாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். எப்போதோ யாரோ பேசினதை, பேசினவர் குரலிலேயே, அவர் எங்கே இருமினாரோ அங்கே இருமி, ஒப்பிப்பாள். வெள்ளியங்கிரி ஒரு தீபாவளிக்கு வந்து ரிக் புரோக்கரோடு போட்ட சண்டையை மூன்று வருடம் கழித்து மாரியம்மன் கோயிலில் தீபாராதனை நேரத்தில் முழுக்கச் சொன்னாள். கெட்ட வார்த்தை ஒன்றையும் விடவில்லை. பூசாரி தட்டோடு அப்படியே நின்றார்.

1977-இல் சேலத்தில் ஒரு டாக்டர் அவளைப் பார்த்துக் குழந்தைப் பருவ மனச்சிதைவு என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் கொடுத்தார். பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சீட்டை ஊனமுற்றோர் நல அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்த ஆள், "நோய்ன்னா ஆஸ்பத்திரி. ஊனம்னாத்தான் நம்ம ஆபீஸ். நோய் சரியாகும், ஊனம் சரியாகாது, அதான் ரூலு" என்றார். "அப்பச் சரியாகாதுன்னு எழுதி வாங்கியாந்தாக் குடுப்பீங்களாங்க?" என்று சௌந்திரம் கேட்டாள். அவர் மேஜை டிராயரை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐந்து வருடம் ஓடியது. 1982-இல் சேலத்தில் ஒரு டிரஸ்ட் பள்ளி இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்தது. பத்தே பத்து இடம். டாக்டரின் சர்டிபிகேட்டும் நல அலுவலகத்தின் முத்திரையும் இருந்தால் இடம் உண்டு. பிள்ளைக்கும் கூடப் போகும் ஆளுக்கும் பஸ் பாஸும் உண்டு. டாக்டர் அக்தர் பானு என்று ஒரு அம்மாள் புதிதாக வந்திருக்கிறார், பிள்ளைகளை மடியில் வைத்துப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, சௌந்திரம் என்னிடம் வந்தாள்.

"வாத்தியாரய்யா, ஒரு எட்டு கூட வாங்க. நாலு இங்கிலீசு வார்த்தை தெரிஞ்சவங்க இருந்தாத்தான் அங்க நம்மளை மனுசனா மதிக்கறாங்க" என்றாள்.

நான் போனேன். பள்ளிச் சான்று ஒன்றையும் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

அக்தர் பானு நாற்பது வயசுக்காரர், மெல்லிய குரல். தெய்வநாயகியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தன் சேலைக் கரையின் கோடுகளைக் காட்டினார். பிள்ளை விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே, சேலம் பஸ்ஸில் கேட்ட கண்டக்டர் குரலில், "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் சும்மா கெடக்குது" என்றது. டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எங்களுக்கு இத்தனை வருடமாகத் தலைவலியாக இருந்த விஷயத்தைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்படுவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"பழைய பேரு தப்புங்கம்மா" என்றார். "இது மனச்சிதைவு இல்லை. இப்ப வெளிநாட்டிலிருந்து புதுப் புத்தகம் வந்திருக்கு. அதில் இதுக்குத் தனிப் பேரே கொடுத்திருக்காங்க. ஆட்டிசம். மாத்திரையை நிறுத்திடலாம். இந்தப் பேருக்குத்தான் அந்த ஸ்கூல்." பிறகு பேனாவைத் திறந்தார். "ஒண்ணே ஒண்ணு. பேச்சு எப்ப நின்னுச்சு?"

"ஆடிப்பெருக்கன்னிக்குங்க" என்றாள் சௌந்திரம் யோசிக்காமல். "ஆத்தைப் பாத்துத் 'தண்ணி'ன்னு சொன்னா. அதான் கடைசி. எம் மாமியா செத்த வருசமுங்க, எழுபத்து மூணு."

டாக்டர் என் பள்ளிச் சான்றை எடுத்தார். உதட்டுக்குள் கணக்குப் போட்டார். முகம் சுருங்கியது. "எழுபது ஜூன்ல பிறந்து எழுபத்து மூணு ஆகஸ்டுன்னா முப்பத்தெட்டு மாசம் ஆகுதே. முப்பது மாசத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும்னு புத்தகத்தில் இருக்கு. அதுக்கு மேலன்னா வேற பேரு. அந்தப் பேருக்கு ஸ்கூல்ல இடம் கொடுக்க மாட்டாங்கம்மா."

சௌந்திரம் என் பக்கம் திரும்பினாள். "எழுபதா? ஏனுங்க வாத்தியாரய்யா, உங்க பள்ளிக்கூடத்துலதானுங்களே நான் பெத்தேன்? கை மை காயலை. உங்க ஜமுக்காளத்துமேலதானுங்களே?"

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியான தேதிக்கு ஆதாரம் கொண்டாங்க. நல அலுவலகத்தில் வயசுக்கு முத்திரை போட்டுட்டா நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுபத்தொன்று மார்ச்சிலிருந்து எண்ணினால் இருபத்தொன்பது மாதம். என் பேனா ஒன்பது மாதத்தைக் கூட்டிப் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

வெளி வராந்தாவில் வாழப்பாடிக்காரர் ஒருவர், சென்றாயன் என்று பெயர், ஐந்து வயசுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மரவள்ளிக்கிழங்கு போடுகிறவர். அவர் பையன் மயில்சாமிக்கும் இதே கதை. பேச்சு நின்றது முப்பத்திரண்டாம் மாதம். "நான் ஜாதகம் கணிச்சு வெச்சிருக்கேங்க. நாள், நாழிகை, எல்லாம் இருக்கு. அதைக் காட்டினதுதான் தப்பாப் போச்சு" என்றார். "உங்க பாப்பாவுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு வழி சொல்லுங்க சார்." நான் என்ன சொல்வேன்? என்னிடம் பொய்த் தேதி இருந்தது, அதை மாற்றப் போகிறேன். அவரிடம் மெய்த் தேதி இருந்தது. அதை யார் மாற்றுவது? அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுவாரம் இரண்டு ரெஜிஸ்தரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு நல அலுவலகம் போனோம். அங்கே அந்தப் பழைய ஆள் மாறிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. காளியண்ணன். என் முதல் வருடத்து மாணவன். எழுந்து நின்று கும்பிட்டான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீக்குச் சொன்னான். விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான்.

"அட்மிஷன் ரெஜிஸ்தர் தப்புன்னு எப்படீங்கய்யா எழுதறது?" என்றான். "பள்ளிக்கூடத்து ரிக்கார்டுக்கு மேல ஒரு ரிக்கார்டு உண்டுங்களா?"

"கை தவறிப் போச்சு காளியண்ணா" என்றேன். "எழுபத்தொண்ணு மார்ச்னு எழுதறதுக்குப் பதிலா எழுபது ஜூன்னு எழுதிட்டேன். வேலை மும்முரம். யாருக்கும் நடக்கறதுதான்."

மின்விசிறியின் கீழே நின்றிருந்த தெய்வநாயகி அப்போது வாயைத் திறந்தாள். அவள் குரலில் இல்லை, என் குரலில்.

"ம்ஹும், எட்டலை. தலையைச் சாச்சுக்கோ சாமி. இன்னுங் கொஞ்சம். ம், எட்டிருச்சு." என்னைப் போலவே ஒரு முறை தொண்டையைக் கனைத்தாள். "முப்பத்தொம்பது, நாப்பது. போஸ்ட் நின்னுச்சு போ. ஜூன் ஒண்ணு போட்டுக்கறேன் அம்மிணி, ஆரு கேக்கப் போறாங்க."

ஏழு வருடம் அதை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. அந்தக் குரலில் இருந்த குஷியைக் கேட்டபோது எனக்கே என்னை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. டீ கொண்டுவந்த பியூன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தான். காளியண்ணன் சிரிக்கவில்லை. அவன் கை தானாக மேலே போய் இடது காதைத் தொட்டது.

"இதேதானுங்கய்யா எனக்கும் சொன்னீங்க" என்றான் மெதுவாக. "தலையைச் சாச்சுக்கோ சாமின்னு."

சௌந்திரம் ஒரு அடி முன்னால் வந்தாள். "பாருங்க தம்பி, இந்த ரூமுல பொய் சொல்லத் தெரியாதது எம் புள்ளை ஒண்ணுதான். அதுக்கு எடம் இல்லீன்னா, அப்பறம் ஆருக்குத்தானுங்க எடம்?"

காளியண்ணன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் மாட்டேன்னு சொல்லலை. வாத்தியாரு பொய்த் தேதி போட்டாருன்னு நான் எழுதினா, அந்த ரெஜிஸ்தர்ல இருக்கற அத்தனை தேதியும் சந்தேகமுங்க. நானும் அதுலதான் இருக்கறேன். நான் நெசமாப் பொறந்தது அந்த ஜூனுக்கு அடுத்து வந்த தை மாசம்னு எங்கம்மா சொல்லும். அந்தக் கணக்குல பாத்தா, பதினெட்டு முடியாமயே சர்க்கார் வேலைக்குச் சேந்தவன் நான். எம் பொழப்பு என்னாகறது?"

அவன் பயம் நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு நியாயம் பேசும் பொறுமை இல்லை. கட்டில் காலில் கட்டிய கயிறு கண்ணில் நின்றது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். "அப்ப ஒண்ணு பண்ணறேன் காளியண்ணா. நான் செஞ்சதை நானே எழுதி, இந்த மாதிரி ஜூன் ஒண்ணு போட்டவங்க பேரை எல்லாம் அகர வரிசையில சேத்து மேலே அனுப்பிடறேன். 'கா' சீக்கிரமே வந்துரும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மாணவன் இல்லை. "நீங்க பண்ண மாட்டீங்க" என்றான்.

"தெரிஞ்சே பொய்த் தேதி போட மாட்டேன்னுதானே ஊரே நெனைச்சுக்கிட்டிருந்துச்சு" என்றேன்.

தெய்வநாயகி மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெருமூச்சு விட்டு, "அந்த இன்னொரு ரெஜிஸ்தர் என்னங்கய்யா?" என்று கேட்டான். ஸ்டாக் ரெஜிஸ்தரைத் திறந்து வைத்தேன். ஜமுக்காளத்தின் கழிவைப் படித்தான். பச்சை மையைப் பார்த்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது.

"இது தணிக்கை ஆன ரிக்கார்டுங்களே. டெபுடி இன்ஸ்பெக்டர் கையெழுத்து இருக்குது. அட்மிஷன் ரெஜிஸ்தர்ல ஆரும் கையெழுத்துப் போடலீங்களே?"

"பிள்ளைங்களை எவன் தணிக்கை பண்ணறான்? ஜமுக்காளத்தைத்தான் பண்ணுவாங்க" என்றேன்.

"அப்பச் சரிங்க. இதுக்கு மேல எனக்குப் பேச்சில்லை" என்று சொல்லி எழுத ஆரம்பித்தான். அட்மிஷன் ரெஜிஸ்தர் தவறு என்று அவன் எழுதவில்லை. அதைப் பற்றி மூச்சே விடவில்லை. தணிக்கை செய்யப்பட்ட பொருள் இருப்புப் பதிவேட்டின்படி, மேற்படி ஜமுக்காளம் கெட்ட தேதியே மேற்படி பெண் பிறந்த தேதி என்று எழுதி முத்திரை போட்டான். சர்க்கார் பாஷையில் நான் படித்தவற்றிலேயே அழகான வாக்கியம் அது. கடைசிவரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெய்வநாயகியிடம் மட்டும், "போயிட்டு வா சாமி" என்றான்.

அக்தர் பானு கையெழுத்துப் போட்டார். பத்து இடத்தில் ஒன்பதாவது இடம் கிடைத்தது. சௌந்திரம் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தினமும் காலை பஸ்ஸில் பிள்ளையோடு சேலம் போய் வந்தாள். பள்ளியில் தறி ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு வருடத்தில் தெய்வநாயகி கோடு போட்ட ஜமுக்காளம் நெய்யப் பழகினாள். எதற்கும் அழாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அம்மா என்று, யாருடைய குரலிலும் இல்லாமல் தன் குரலில், ஒரு நாள் பஸ்ஸில் கூப்பிட்டாளாம். சௌந்திரம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கயிற்றில் இப்போது எருமையைக் கட்டுகிறார்கள்.

எனக்கும் பலன் கிடைத்தது. காளியண்ணன் எழுதியதன் நகல் எங்கள் துறைக்குப் போய், அங்கிருந்து ஒரு மெமோ வந்தது. பொய்த் தேதியைப் பற்றி ஒரு வரி இல்லை. பள்ளிக்குச் சொந்தமான ஜமுக்காளத்தைக் கல்விக்குச் சம்பந்தமில்லாத காரியத்துக்குக் கொடுத்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அதன்மீது ஒரு மாணவி கிடைத்தாள் என்று பதில் எழுதினேன். கோப்பு அதோடு படுத்துவிட்டது. 1984-இல் ஓய்வு பெற்றேன். அதுவும் என் வாத்தியார் எனக்குப் போட்ட ஜூன் மாதத்தின்படிதான்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்திருப்பேன். 1988-இல் அக்தர் பானு ஆள் அனுப்பினார். போனேன். மேஜைமேல் ஒரு புதிய புத்தகம்.

"திருத்தி எழுதிட்டாங்க சார்" என்றார். "முப்பது மாசம்ங்கற கோட்டை எடுத்துட்டாங்க. அதுக்குப் பிறகு ஆரம்பிச்சிருந்தாலும் இனி அதே பேருதான்." அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. நோட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். "இந்த ஆறு வருஷத்தில் வயசு தாண்டிப் போச்சுன்னு நான் திருப்பி அனுப்பினவங்க. பதினோரு பிள்ளைங்க. எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். லெட்டர் போட்டேன், பாதி திரும்பி வந்துடுச்சு. ஊர் ஊரா விசாரிச்சுப் போக உங்களை மாதிரி ஆள் வேணும்."

நோட்டில் மூன்றாவது பெயர் மயில்சாமி, தகப்பனார் சென்றாயன், வாழப்பாடி. முப்பத்திரண்டு மாதம்.

நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் எழுதினவர்களை எனக்கு நன்றாகப் புரிந்தது. ஏதோ ஒரு ஊரில் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவர்களும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையைத் தலைமேல் போட்டுக் காதைத் தொடச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாதவர்களை அடுத்த வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்காவது நாற்பதாவது பிள்ளை வேண்டியிருந்தது என்று ஒரு சாக்கு உண்டு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான். அடுத்த வாரம் வாருங்கள் என்று சென்றாயனிடம் சொல்லிவிட்டு ஓடினவன் நான். அவர் அடுத்த வாரம் வந்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வாழப்பாடிக்கு சௌந்திரமும் தெய்வநாயகியும் கூட வந்தார்கள். சௌந்திரம்தான் வந்தே தீருவேன் என்றாள். "நாம பாட்டுக்கு வாங்கிட்டு வந்துட்டமுங்க. அந்த ஆளு அங்கியே நின்னுட்டிருந்தாரு. எனக்கு இன்னுங் கண்ணுக்குள்ளயே இருக்குதுங்க" என்றாள். தெய்வநாயகிக்குப் பதினேழு வயது. ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் பஸ்ஸில் ஏற மாட்டாள் என்பது தவிர ஒரு தொந்தரவும் இல்லை.

கிழங்குக் காட்டு நடுவில் ஓட்டு வீடு. சென்றாயன் தலை நரைத்துப் போயிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, சொன்ன பிறகு தெரிந்தது. உள்ளே மயில்சாமி, பதினோரு வயசு, சுவரோரம் உட்கார்ந்து கிழங்குத் துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. துணிமேல் கயிறு. சௌந்திரம் அதைப் பார்த்துவிட்டு வாசலுக்குத் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சர்டிபிகேட் கிடைக்கும், பள்ளியில் இடம் கிடைக்கும், பாஸ் கிடைக்கும் என்றேன். அவர் முழுவதும் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"இப்ப எப்படிங்க சார் கிடைக்கும்? பையன் மாறிட்டானா?"

"பையன் அப்படியேதாங்க. புத்தகந்தான் மாறியிருக்கு."

"அப்ப அன்னிக்கும் இவனுக்கு இதேதான இருந்துச்சு?"

"இதேதாங்க."

அவர் பையனைப் பார்த்தார். "ஆறு வருசமா இங்கியேதான் சார் உக்காந்திருந்தான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

தெய்வநாயகி அதற்குள் பையனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் அடுக்கிய கிழங்கு வரிசையை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனாள். கடைசித் துண்டு வந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். அவன் தடுக்கவில்லை. கையிலிருந்த துண்டை அவளுக்காக வரிசையின் கடைசியில் வைத்தான். அவள் அதையும் தொட்டாள். பிறகு, எனக்கு மிகவும் தெரிந்த குரலில், கனிவாகச் சொன்னாள்:

"தலையைச் சாச்சுக்கோ சாமி. இன்னுங் கொஞ்சம். ம், எட்டிருச்சு."

மயில்சாமி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான்.

"பாப்பா என்ன சார் சொல்லுது?" என்று சென்றாயன் கேட்டார்.

"அது சொல்லலீங்க, நான் சொன்னது" என்றேன். பிறகு கீழே உட்கார்ந்து, பையனின் காலில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். நாள்பட்ட முடிச்சு, சுலபத்தில் அவிழவில்லை. சென்றாயனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.